மலாயா ஈயும் பீஜித் தென்னையும்

தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றிய ஆண்டு 1922. அதற்கு மூன்றாண்டு கழித்து, மலாயாவிலிருந்து ஒரு சிறு ஈ கடல் கடந்து சென்று பீஜித் தீவுகளின் தென்னையைக் காத்தது.

பீஜி நமக்கு முற்றும் அயலானதன்று. 1903 முதல் 1916 வரை சென்னையில் கப்பலேறிய தமிழர் பலர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அக்காலத்தில் கரும்புக்கு அடுத்து அத்தீவுகளின் பெருஞ்செல்வமாய் இருந்தது கொப்பரையே.

அத்தென்னைக்குப் பகையாயிற்று 'லெவுவானா' என்னும் அந்துப்பூச்சி. இறகை விரித்தால் அரை அங்குலத்துக்குச் சற்று மிகும். அவ்வளவே அதன் அளவு. அதன் புழு ஓலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். தின்ற ஓலை தீப்பட்டதுபோல் கருகும். 1877 முதல் வீத்தி லெவு என்னும் பெருந்தீவில் அறியப்பட்ட இப்பூச்சி, பின்னர் அண்டைத் தீவுகளுக்கும் பரவத் தொடங்கிற்று.

அரசினர் பூச்சியியல் அறிஞர் ஜான் டக்ளஸ் டோட்ஹில் என்பாரிடம் இப்பணியை ஒப்படைத்தனர். லெவுவானாவை அடக்கவல்ல பகை பீஜியில் இல்லை. மலாயாவிலோ, அதன் இனத்தைச் சேர்ந்த 'ஆர்ட்டோனா' தென்னையைத் தாக்கினும், ஓர் ஒட்டுண்ணி ஈ அதன் புழுமேல் முட்டையிட்டது. பொரிந்த குஞ்சு புழுவினுள் புகுந்து அதனை உண்டு வளர்ந்தது. டோட்ஹிலின் துணைவர் டெய்லர், அப்புழுக்களைக் கூண்டிலிட்ட தென்னங்கன்றுகளோடு கப்பலேற்றினார். 1925 ஆகஸ்டில் சுவா துறைமுகத்தில் கிடைத்தவை 315 ஈக்களே. அவை பல்கிப் பெருகின. சில ஆண்டுகளில் தென்னை தழைத்தது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. இரைக்கு ஒரே பூச்சியை நம்பும் ஈயாயின், பூச்சி குறையக் குறைய ஈயும் குறையும். எஞ்சிய பூச்சி பிழைக்கும். இந்த ஈயோ வேறு பூச்சிகளின் புழுக்களிலும் வளர்வது. ஆதலின் லெவுவானா அருகிய பின்னும் ஈ குறையவில்லை. 1950-களுக்குப் பின் லெவுவானாவைக் கண்டார் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிந்த இனமெனக் குறித்துள்ளது. அது பீஜிக்கே உரிய பூச்சியன்று, பிற தீவிலிருந்து வந்தது, அங்கே இன்னும் வாழக்கூடும் எனக் கருதும் அறிஞரும் உளர்.

தென்னையை இழந்தால் தீவு மக்களுக்கு வாழ்வில்லை. ஆதலின் டோட்ஹிலைக் குறை கூறுதல் எளிதன்று. எனினும், பகையை அடக்குதல் வேறு, அதன் குலத்தையே அழித்தல் வேறு. பயிருக்குத் துணையாய் ஓர் உயிரைக் கொணர்வோர், அது வேறெவற்றை உண்ணும் என முதலில் ஆராய வேண்டும் என்னும் பாடத்தை, நம் மலாயாவின் ஈ உலகுக்குக் கற்பித்தது. அறிவியல் வகுப்பில் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.