கேட்டைப் பூட்டலாமா?

பாரிஸ் நகரத்தின் நட்ட நடுவில், அறுபது ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது ஒரு தோட்டம். துய்லரி என்று பெயர். ஒரு கோடியில் லூவ்ர் மியூசியம், மறு கோடியில் கான்கார்ட் சதுக்கம், பக்கத்திலேயே சேன் நதி. டிக்கெட் கிடையாது. ஆங்காங்கே பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு நாற்காலிகள். ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாண்டுகள் குளத்தில் பொம்மைப் படகு விடுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம்.

'பார்க் என்றால் அப்படித்தானே இருக்கும், இதில் என்ன அதிசயம்?' என்கிறீர்களா? இந்தத் தோட்டத்தை மக்களுக்கு மூடிவிட ஒரு மந்திரி கிளம்பியே விட்டார். தடுத்தவர் யார் தெரியுமா? சின்ட்ரெல்லா கதை எழுதிய மனிதர்!

பிரெஞ்சில் 'துய்ல்' என்றால் ஓடு. ஒரு காலத்தில் இங்கே இருந்தவை ஓட்டுச் சூளைகள். 1559-ல் ராஜா இரண்டாம் ஹென்றி, ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு இறந்துபோனார். விதவை மகாராணி கேத்தரின் தெ மெடிசி, 1564-ல் இங்கே புது அரண்மனை கட்ட ஆரம்பித்தார். அவருக்குப் பிறந்த வீடு இத்தாலியில் இருக்கும் ஃப்ளாரன்ஸ். தோட்டத்தையும் அந்த ஊர் பாணியிலேயே போடச் சொன்னார்.

சரியாக நூறு வருஷம் கழித்து, பதினான்காம் லூயியின் காலத்தில் அதை அடியோடு மாற்றி அமைத்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். தாத்தாவும் அப்பாவும் இதே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பேரன் என்ன செய்தார்? நடுவில் அம்பு விட்டாற்போல் ஓர் அகலமான பாதை போட்டார். இரண்டு பக்கமும் மரங்கள், ராணுவ அணிவகுப்பு மாதிரி! அரண்மனை ஓரம் வட்டக் குளம், கோடியில் எண்கோணக் குளம். கோடியில் இருப்பதைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினார். தூரத்தில் இருப்பது கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் இல்லையா, அதை ஈடுகட்டத்தான்.

வேலை முடிந்து தோட்டம் பளபளவென்று நின்றபோது, அங்கே வந்தார் கோல்பேர். ராஜாவின் நிதி மந்திரி, கட்டட இலாகாவும் அவரிடம்தான். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அவர் கவலை புரிகிறது. இவ்வளவு செலவு செய்து ஒரு சொத்தை உருவாக்கிவிட்டு, ஊர்ஜனம் மிதித்து நாசம் பண்ண விடுவதா? தேய்மானம் என்னாவது? 'ராஜாவுக்கு மட்டும்' என்று கேட்டைச் சாத்திவிடத் தீர்மானித்தார்.

கூடவே வந்தவர், அவரிடம் வேலை பார்த்த ஷார்ல் பெரோ. சின்ட்ரெல்லா வெளிவந்தது முப்பது வருஷம் கழித்து, 1697-ல். அப்போது அவர் வெறும் அதிகாரி. ஆனாலும் வாயைத் திறந்தார். இங்கே வருகிறவர்கள் ஒரு பூவைக்கூடப் பறிப்பதில்லை. நோயிலிருந்து எழுந்தவர்கள் காற்று வாங்க வருகிறார்கள். வியாபாரம் பேசுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். சந்தேகமிருந்தால் தோட்டக்காரர்களைக் கேளுங்கள் என்றார். தோட்டக்காரர்களும் அதையே சொன்னார்கள். கோல்பேர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மூடும் பேச்சு அதோடு முடிந்தது! இதைப் பெரோவே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. திறந்த கேட் எல்லோருக்கும் திறக்கவில்லை. சிப்பாய்கள், வேலைக்காரர்கள், கந்தல் உடுத்தியவர்கள் உள்ளே வரக் கூடாது. வாசலில் காவல். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாளன்று மட்டும் அவர்களுக்கும் அனுமதி.

அவர்கள் ஒரு நாள் அனுமதி கேட்காமலே வந்தார்கள்.

1789 அக்டோபரில், வெர்சாய் அரண்மனையில் இருந்த பதினாறாம் லூயியைக் குடும்பத்தோடு பாரிஸ் ஜனங்கள் இந்தத் துய்லரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1792 ஆகஸ்ட் 10 காலையில் ஆயுதங்களோடு பெருங்கூட்டம் அரண்மனையைச் சூழ, ராஜா மனைவி, குழந்தைகளுடன் தோட்டத்தின் வழியே நடந்து தேசிய சபையில் தஞ்சம் புகுந்தார். வழியெல்லாம் சருகுக் குவியல். 'இந்த வருஷம் இலை சீக்கிரமே உதிர்கிறதே' என்றாராம் ராஜா. ஏழு வயது இளவரசன் சருகுகளைக் காலால் உதைத்து விளையாடியபடி போனானாம். அன்று அரண்மனையைக் காத்து நின்ற சுவிஸ் வீரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜனவரியில், தோட்டத்துக்கு வெளியே, இன்றைய கான்கார்ட் சதுக்கத்தில் ராஜாவின் தலை விழுந்தது.

அரண்மனையும் தப்பவில்லை. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில் அதற்குத் தீ வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கருகிய சுவர்கள் நின்றன. 1883-ல் அதையும் இடித்து, கல்லைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தார்கள்.

இப்போது கோல்பேரின் பேரேட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். காவல் போட்டுப் பாதுகாத்த அரண்மனை, மொத்தமாக நஷ்டக் கணக்கில் போய்விட்டது. ஜனங்கள் மிதித்தால் பாழாகிவிடும் என்று அவர் பயந்த தோட்டம்? மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே நேர்ப்பாதை, அதே இரண்டு குளங்கள். வாசலில் யாரும் உங்கள் சட்டையைப் பார்ப்பதில்லை.

தேய்மானக் கணக்கு போடத் தெரிந்தவர் கோல்பேர். லாபக் கணக்கு தெரிந்தவர் என்னவோ, கதை எழுதியவர்தான்!