பருத்திச் சட்டையும் பனிமலையும்

நம் தமிழில் பனி என்றால் ஒரே சொல்தான். மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, இமயமலையை மூடிக் கிடப்பதும் பனி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் இதற்கு மூன்று சொற்களை மனப்பாடம் செய்தேன். புல்லில் துளியாக நிற்பது ரொஸே, உறைந்து வெள்ளையாகப் படிவது ழிவ்ர், வானத்திலிருந்து விழுவது நேழ். மூன்றில் முதலாவதைத் தவிர மற்ற இரண்டையும் நாங்கள் கண்டதில்லை. குளிர்கால அங்கிக்கு மாந்தோ என்று பிழையில்லாமல் எழுதுவோம். வகுப்பில் ஒருவர் வீட்டிலும் மாந்தோ கிடையாது.

இன்று நம் தூத்துக்குடிப் பிள்ளைகள் மணாலிக்கும் காஷ்மீருக்கும் சுற்றுலா போகிறார்கள், கனடாவுக்குப் படிக்கப் போகிறார்கள். முதல் தடவையாகப் பனியில் கால் வைக்கப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் எடுத்து வைப்பது என்னவோ, நல்ல கெட்டியான பருத்தி உடுப்பும் மேலே ஒரு ஸ்வெட்டரும்தான். அதில் வியப்பில்லை. நம் ஊரே பருத்தி ஊர். கரிசல் காட்டில் விளைந்த பருத்தி இந்தத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறியது. ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் 1888-ல் இங்கே எழுந்தது. 1908-ல் அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒரு துணி இல்லை. ஆனால் பனிமலையில் அதே பருத்தி ஆளைக் கவிழ்த்துவிடும். சரித்திரம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

பள்ளியில் எங்களுக்கு நெப்போலியன் பாடம் நீளமானது. 1812 ஜூன் மாதம் அவர் பெரும்படையோடு ரஷ்யாவுக்குள் நுழைந்தார். குளிருக்கு முன்னால் காரியம் முடிந்துவிடும் என்று கணக்கு. அக்டோபர் 19-ல் மாஸ்கோவை விட்டுத் திரும்பும்போது வீரர்களிடம் குளிர்கால உடுப்பு இல்லை. பசியும் நோயும் முன்பே பாதிப் படையைத் தின்றிருந்தன. மிச்சத்தில் பெரும்பங்கைக் குளிர் எடுத்துக்கொண்டது.

நூறு ஆண்டு கழித்து அதே கதை நம்மவர்களுக்கு நடந்தது. 1914 செப்டம்பர் 26 அன்று இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. உடுத்தியிருந்தது நம் நாட்டு வெயிலுக்குத் தைத்த மெல்லிய காக்கி. அடுத்த மாதமே பெல்ஜிய எல்லையில் தண்ணீர் நிற்கும் பதுங்குகுழிகளில் நின்றார்கள். கம்பளிக் கோட்டுகள் தாமதமாகத்தான் வந்தன. குண்டு படாதவர்களும் ஈரத்தில் ஊறிப் புண்ணான கால்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1927-ல் நோவ் ஷப்பெல் என்ற ஊரில் திறந்த நினைவுமண்டபத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மடிந்தவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் உண்டு. ஜூலை 14-ல் அங்கே மலர்வளையம் வைப்பதை நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கதை என் காலத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டே மாதத்தில் சீனப் போர். அக்டோபர் 20 விடியற்காலையில் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் இருந்த நம் ஏழாவது பிரிகேடைச் சீனர்கள் தாக்கினார்கள். பத்தாயிரம் அடிக்கு மேலே, பருத்தி உடுப்போடும் கான்வாஸ் ஷூவோடும் நின்ற வீரர்கள் அவர்கள். சிறைப்பட்டுத் திரும்பிய பிரிகேடியர் தால்வி பின்னாளில் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார். மேற்கே லடாக்கில் ரெசாங் லா கணவாயில் நவம்பர் 18-ல் மேஜர் ஷைத்தான் சிங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் மாண்டார்கள். குளிர்காலம் கழிந்த பிறகுதான் உடல்களை எடுக்க முடிந்தது. பனியில் உறைந்து, துப்பாக்கியைப் பிடித்தபடியே கிடந்தார்களாம்.

அந்த நாட்களில் நாடு முழுவதும் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். ஸ்வெட்டரையே போட்டறியாத எங்கள் தெருவிலும் என் அக்கா ஊசியும் கம்பளி நூலுமாகத் திண்ணையில் உட்கார்ந்தாள். அவள் பின்னிய கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அனுப்பத்தான் அனுப்பினோம். அந்தப் பாடத்தை ராணுவம் மறக்கவில்லை. 1984 ஏப்ரலில் சியாச்சினுக்குப் போனபோது பனிக்கான உடுப்புகளை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

பருத்தி ஏன் ஆகாது என்பது முத்துக்குளித்த இந்தக் கரைக்குத் தெரிந்த விஷயம்தான். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். கல்லைக் காலில் கோத்து இறங்கும் குளியாளி நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க முடியாது. இருவர் மாற்றி மாற்றித்தான் இறங்குவார்கள். இந்த வெப்பக் கடலிலும் உடம்பு விறைத்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பனிமலையில் நடந்தாலும் வியர்க்கும். அந்த வியர்வையைப் பருத்தி குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நடப்பவர் நின்றதும் ஈரச் சட்டை சூட்டை உறிஞ்சத் தொடங்கும். கம்பளி நனைந்தாலும் தன் இழைகளுக்குள் காற்றைப் பிடித்து வைத்து ஓரளவு சூட்டைக் காக்கும்.

அதற்காகப் பருத்தியை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். 1924-ல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரி பட்டு, பருத்தி, கம்பளி என்று பல அடுக்கு உடுத்தியிருந்தார். மேலே நெருக்கமாக நெய்த கபர்டீன் துணி, காற்றைத் தடுக்க. ஒரே தடித்த கோட்டைவிட அடுக்கடுக்காக உடுத்துவதே மேல். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, தோலை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ, நடுவில் சூடு தாங்கும் கம்பளியோ ஃப்ளீஸோ, வெளியே காற்றும் ஈரமும் நுழையாத ஜாக்கெட். தலை, காது, விரல்களை மூட வேண்டும். இரண்டு காலுறையை இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் குளிரும். மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறை பையில் இருக்கட்டும். இரண்டு நாள் பனியைப் பார்க்க மணாலிக்குப் போகிறவர்கள் செலவழித்து வாங்கத் தேவையில்லை. ரோதாங் சாலைக் கடைகளில் பனி உடுப்பும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும்.

பேரப்பிள்ளை கிளம்பும் முன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜீன்ஸ் இருந்தால் அதுவும் பருத்திதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். நம் வீரர்களுக்கு 1914-லும் 1962-லும் இதைச் சொல்லவும் கொடுக்கவும் வேண்டியவர்கள் நேரத்தில் செய்யவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.