சேகரம்: சபை மேய்ப்பும் நிர்வாகமும்

சேகரம் என்பது தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு. பட்டணங்களில் ஒரே ஆலயம் ஒரு சேகரமாக இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் பல சேர்ந்து ஒரு சேகரமாகும். தலைமை ஊரில் குருமனை இருக்கும். சேகரகுருவை மக்கள் ஐயர் என்று அழைப்பார்கள். மற்ற ஊர்களில் உபதேசியாரோ சபை ஊழியரோ ஜெபம் நடத்துவார். நற்கருணைக்கு ஐயர் வரவேண்டும். சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம், அதன் தலைவர் பேராயர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றிணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான இத்திருச்சபையில், யாழ்ப்பாணத் திருமண்டலத்தையும் சேர்த்து 24 திருமண்டலங்கள் உள்ளன. திருச்சபையின் நலத்தை அளக்கச் சரியான இடம் பேராலயமல்ல, சேகரமே.

தோற்றம்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த சர்ச் மிஷனரி சங்க மிஷனரி ரேனியஸ் ஊருக்கு ஓர் உபதேசியாரை வைத்து, ஆலயத்தோடு பள்ளியையும் நடத்தினார். 1830இல் தொடங்கப்பட்ட தர்ம சங்கம், புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் குடியிருக்க நிலம் வாங்க உதவியது. முதல் பெரிய நிர்வாகச் சிக்கலும் அவர் காலத்திலேயே வந்தது. லூத்தரன் மரபில் வந்த அவர், தம் உபதேசியார்கள் ஆங்கிலிக்கன் முறையில்தான் குருப்பட்டம் பெறவேண்டும் என்பதை ஏற்கவில்லை. 1835இல் சர்ச் மிஷனரி சங்கம் அவரோடு உறவை முறித்தது. உபதேசியார்களும் சபைகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். 1838இல் அவர் மறைந்த பிறகே பிளவு ஆறத் தொடங்கியது. சபைக்கு மேய்ப்பரைத் தருவது யார், அவரை மாற்றுவது யார் என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை.

சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், சுதேச சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே சுவிசேஷம் அறிவிக்கவேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். இவற்றில் மூன்றாவதற்குத் திருநெல்வேலி அழகான சான்று தந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவும் தோழர்களும் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தன்னைத் தானே ஆளுவதுதான் இன்றுவரை கடினமாக இருக்கிறது.

குருவானவரின் பணி

கிராமச் சேகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐயர் ஓர் ஊரில் நற்கருணை முடித்து, அடுத்த ஊருக்குப் பைக்கில் போய் அங்கும் அதே ஆராதனையை நடத்துகிறார். கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கவேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவேடு எழுதவேண்டும். ஞானஸ்நானம், அடக்கம், திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்தல் எல்லாம் அவர் கையில். இவற்றோடு ஆலயக் கட்டடவேலை, பட்டா, பத்திரம், வரவு செலவுக் கணக்கு ஆகியவையும் சேர்கின்றன. சேகரத்தில் திருமண்டலப் பள்ளி இருந்தால் அதன் பொறுப்பும் பல இடங்களில் அவர்மேல் விழுகிறது. இவற்றில் முதலில் விடுபடுவது வீடு சந்திப்பு. திருமண்டல அலுவலகத்துக்குத் தராத கணக்கை உடனே கேட்பார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்கப் போகாததை யாரும் எழுதிக் கேட்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஐயரின் இடமாற்றத்தால் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. ஒருவரே ஓரிடத்தில் வேரூன்றி அதிகாரம் சேர்ப்பதை அது தடுக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் கடனையும் குடியையும் கண்ணீரையும் அறிந்துகொள்ளும் நேரத்தில் அவர் பெட்டி கட்டவேண்டியிருக்கிறது. அவரோடு சேர்ந்து இடம் மாறும் அவர் மனைவியான ஐயரம்மா, பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, வீட்டு ஜெபம் என்று பாதிச் சேகர வேலையைச் சம்பளமின்றிச் செய்கிறார். நிர்வாகச் சட்டங்களில் இடம்பெறாத இந்த உழைப்பை விட்டுவிட்டுச் சபை வளர்ப்பைப் பற்றிப் பேசமுடியாது.

கமிட்டியும் தேர்தலும்

சேகர கமிட்டியை வாக்குரிமை உள்ள அங்கத்தினர்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். சேகரத்திலிருந்து திருமண்டலப் பெருமன்றத்துக்கும் பிரதிநிதிகள் போகிறார்கள். திருமண்டலப் பொறுப்பாளர்களின் தேர்வு அங்கே நடக்கிறது. சாமானிய விசுவாசிக்கும் சபை ஆளுகையில் பங்கு உண்டு என்ற உயர்ந்த எண்ணத்தில் பிறந்த அமைப்பு இது.

இந்த அமைப்பு இடறுவதற்குக் காரணம் தேர்தல் என்ற முறை அல்ல, அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமை. திருமண்டலத்தின் கீழ் அரசு உதவிபெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மிஷனரிகள் காலத்து நிலங்களும் இருக்கின்றன. ஆசிரியர் நியமனம் திருமண்டல நிர்வாகத்தின் கையில் இருப்பதால், சிற்றூர்ச் சேகரத்தின் ஒரு பிரதிநிதி இடமும் அரசுச் சம்பளம் வரும் வேலையோடு தொடர்புபடுகிறது. அணிகள் பிரிகின்றன, உறவினர்கள் பேசாமல் போகிறார்கள், வாக்காளர் பட்டியலே வழக்காகிறது. திருமண்டலத் தேர்தல்கள் உயர் நீதிமன்றம் வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் நிர்வாகம் நடந்ததும் உண்டு. பெரிய திருமண்டலங்களைப் பிரிப்பது மட்டும் இதற்குத் தீர்வாகாது. 2003இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியானபோது பேராயருக்குச் சேகரங்கள் அருகில் வந்தன. ஆனால் நியமன அதிகாரமும் சபைத் தேர்தலும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது அப்படியே தொடர்ந்தது. இவ்விரண்டையும் பிரித்து, நியமனத்தைத் தகுதிவரிசைக்கும் வெளிப்படையான தேர்வுக்கும் உட்படுத்தினால் கமிட்டிக்கு ஆலயத்தையும் ஏழைகளையும் பற்றிப் பேச நேரம் கிடைக்கும்.

காணிக்கை

கைப்பிடி அரிசி, சங்கக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம், அசனப் பண்டிகை என்று வருமானத்துக்குப் பல வழிகள். பல திருமண்டலங்களில் சேகரங்கள் தங்கள் பங்கைப் பொதுநிதிக்குச் செலுத்த, குருமாரின் சம்பளம் அங்கிருந்து வருகிறது. இதனால் பணக்காரச் சேகரம் ஏழைச் சேகரத்தைத் தாங்குகிறது. குருவானவரும் உள்ளூர்ப் பெரியவர்களின் தயவில் வாழவேண்டியதில்லை. பண்டிகை நாளில் வரவு செலவுக் கணக்கை எல்லார் முன்னும் வாசிக்கும் சபைகளில் சந்தேகம் குறைவு.

சாதி

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டு விலகினார்கள். நாசரேத் பகுதியில் 1857இல் சட்டம்பிள்ளை என்பவர் தனிச்சபை தொடங்கியதற்கு வேறு காரணம்: மிஷனரிகளின் ஆதிக்கமும், 1849இல் மிஷனரி கால்டுவெல் சட்டம்பிள்ளையின் மக்களைப் பற்றி எழுதிய நூல் தந்த அவமானமும். சாதியைச் சபை விடாதபோதும் பிளவு வந்தது, மேலிருந்து ஆண்டவர்கள் மக்களை மதிக்காதபோதும் வந்தது. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் தனிப்பகுதி, கமிட்டியில் சாதிக் கணக்கு, பேராயர் தேர்வில் சாதி அணி என்று சாதி வேற்றுமை தொடர்கிறது. ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்குபவர்களுக்கு இது பொருந்தாத பாவம். பிரசங்கத்தில் இதைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் குருவானவர்களுக்குப் பேராயரின் வெளிப்படையான ஆதரவு தேவை.

இடம்பெயர்வும் இளைஞரும்

சென்னை, மும்பை, வளைகுடா என்று பிள்ளைகள் போய்விட, பல ஊர்ச் சபைகளில் முதியவர்களே மிச்சம்; ஆலயம் நிறைவது பண்டிகைக்கு மட்டும். பட்டணத்திலோ ஞாயிறு காலை தென்னிந்தியத் திருச்சபை, வெள்ளிக்கிழமை பெந்தெகொஸ்தே உபவாச ஜெபம் என்று இரண்டிடத்தில் இருக்கும் குடும்பங்கள் பல. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் தாய்ச்சபை வேண்டும்; நோய்க்கும் கடனுக்கும் ஜெபிக்க இன்னோரிடம். இவர்களைக் கடிந்துகொள்வதைவிட வீட்டுக்குப் போய் ஜெபிப்பதே பலன் தந்திருக்கிறது.

பெண்கள்

தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் இ. புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். இத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். ஆயினும் சேகரங்களில் பெண் குருமார் குறைவு. கைப்பிடி அரிசி சேர்ப்பவர்களும் ஞாயிறு பள்ளி நடத்துபவர்களும் பெரும்பாலும் பெண்கள். கமிட்டி மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.