சுவர்களுக்குப் பின்னே செவிகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களுள் 30,000 பேர்வரை கடலோடு மாண்டனர். எண்ணெய் படர்ந்த நீரில் தத்தளித்து, பகைவரின் கப்பல்களாலேயே தூக்கியெடுக்கப்பட்டு உயிர் பிழைத்தோர் சில ஆயிரவர். இந்தச் சில ஆயிரவரின் வாயிலிருந்து பிறந்த சொற்கள் போரின் போக்கில் எவ்வளவு இடம் பெற்றன என்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. அதைக் குறித்தே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1942ஆம் ஆண்டில் மட்டும் நேச நாடுகளின் 1,100க்கும் மேற்பட்ட கப்பல்களை இந்த நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் தம் எனிக்மா குறியீட்டுப் பொறியில் நான்காவது சுழலியைச் சேர்த்துக்கொண்டன. அதுவரை செய்திகளைப் படித்துவந்த ஆங்கிலேயர்கள் ஏறத்தாழ பத்து மாதங்கள் கண் கட்டப்பட்டவர்போல் ஆயினர். வானொலிச் செய்தி ஊமையாகிவிட்ட அந்நாட்களில், கரை சேர்ந்த கைதி ஒருவன் வாய் திறப்பது பெரும் பேறாயிற்று.

ஆனால் கைதியை வாய் திறக்கவைப்பது எப்படி? 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, போர்க்கைதி தன் பெயரையும் பதவியையும், அல்லது தன் படை எண்ணைச் சொன்னால் போதும். அதற்கு மேல் கேட்டு அவனை வருத்துதல் குற்றம். அடித்துப் பெற்ற செய்தி பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும் என்பதும் அனுபவசாலிகளான அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆங்கிலேயர் வேறொரு வழியைத் தேர்ந்தனர்.

தாமஸ் கென்ட்ரிக் என்ற அதிகாரியின் தலைமையில், 1939இல் இலண்டன் கோபுரத்தில் தொடங்கிய விசாரணை நிலையம், விரைவில் நகரின் வடக்கெல்லையிலுள்ள ட்ரென்ட் பார்க் மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. பின்னர் பக்கிங்காம்ஷயரின் லாட்டிமர் இல்லத்திலும் வில்டன் பார்க்கிலும் அதன் கிளைகள் விரிந்தன. அறைகளின் விளக்குப் பொருத்துகளிலும் கணப்படுப்புகளிலும் ஒலிவாங்கிகள் பதிக்கப்பட்டன. மற்றோர் அறையில் செவிக்கருவி அணிந்து அமர்ந்தவர்கள், பயனுள்ள பேச்சு எழுந்த மறுகணமே அதை இசைத்தட்டு போன்ற வட்டில் பதிவு செய்தனர். அந்தச் செவிகளுள் பல, இட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த யூத அகதிகளுடையவை. தம் உற்றாரைச் சூறையாடிய ஆட்சியின் போர்வீரர்கள் சிரித்துப் பேசுவதை, தம் தாய்மொழியிலேயே, முகம் காணாமல் மணிக்கணக்கில் கேட்டிருப்பது எத்தகைய பணி என்பதை நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டும்.

விசாரணை என்பதே ஒருவகை நாடகமாயிற்று. அதிகாரி, கைதியின் கப்பல் எப்போது துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது, மாலுமிகள் எந்த விடுதியில் குடித்தார்கள், தளபதிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் என்ன என்பதையெல்லாம் தாமே சொல்லுவார். முன்னர் பிடிபட்டோர் சொன்ன துணுக்குகளே அவருடைய முதல். எல்லாம் தெரிந்தவரிடம் மறைப்பதேன் என்று சிலர் மனந்தளர்ந்து பேசினர். பேசாதவர்களோ அறைக்குத் திரும்பியதும், "இதைக் கேட்டான், அதைக் கேட்டான், நான் இந்தச் செய்தியை மட்டும் சொல்லவே இல்லை" என்று தோழனிடம் பெருமையாக உரைத்தனர். சொல்லாத செய்தி அவ்வாறே சுவர்வழியாகச் சென்று சேர்ந்தது. கேள்வி கேட்டதே இந்த உரையாடலைத் தூண்டுவதற்காகத்தான் என்பதை அவர்களுள் மிகச் சிலரே ஐயுற்றனர்.

இவ்வாறு கிடைத்த பயன்களுள் ஒன்றை மட்டும் சுட்டுவோம். கப்பலின் உந்துவிசிறி எழுப்பும் ஓசையைக் கேட்டு, அதைத் தொடர்ந்து சென்று தாக்கும் டார்பிடோ ஒன்றை ஜெர்மானியர் ஆக்கிவந்தனர். 'சவுன்கோனிக்' என்று ஒரு சிறு பாடும் பறவையின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். அது 1943 செப்டம்பரில் போருக்கு வந்து காவற்கப்பல்களைத் தாக்கியபோது, நேச நாட்டார் அதை முற்றிலும் எதிர்பாராதவர்களாக இல்லை. அத்தகைய கருவி வரவிருக்கிறது என்பதைக் கைதிகளின் பேச்சு முன்பே உணர்த்தியிருந்தது. கப்பலின் பின்னே இழுத்துச் செல்லப்பட்டு, பேரிரைச்சலால் டார்பிடோவைத் திசைதிருப்பும் எளிய உலோகக் கருவி சில வாரங்களுக்குள் கடலில் இறங்கிற்று. எத்தனை மாலுமிகள் அதனால் வீடு திரும்பினர் என்று கணக்கிட இயலாது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராயவேண்டும் என்ற வள்ளுவரின் நெறியும் இங்கு நடைமுறையில் இருந்தது: குறியீட்டுச் செய்தியில் புரியாத சொல்லைக் கைதியின் பேச்சு விளக்கும், கைதியின் பேச்சைக் குறியீட்டுச் செய்தி சரிபார்க்கும்.

எனினும் அந்த வட்டுகளில் கப்பல்களும் கருவிகளும் மட்டும் பதிவாகவில்லை. கீழை நாடுகளில் யூதர்களைக் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்டதைப் பற்றிப் படையினர் தமக்குள் பேசியவையும் பதிவாயின. போர் முடிந்தபின் நடந்த விசாரணைகளில் அவை சான்றாக வைக்கப்படவில்லை. ஒட்டுக்கேட்கும் முறை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினர். மறையைக் காத்தனர், நீதி காத்திருந்தது. 1990களில் ஆவணங்கள் திறக்கப்பட்ட பின்னரே, சோன்கே நைட்செல் போன்ற வரலாற்றாசிரியர்கள் அவற்றை உலகின்முன் வைத்தனர். இந்தத் தெரிவு சரியா என்ற வினாவை நாம் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை.

அமெரிக்கரும் இதே வழியைப் பின்பற்றினர். வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியாவிலுள்ள ஃபோர்ட் ஹன்ட், வெளியுலகுக்கு வெறும் 'அஞ்சல் பெட்டி 1142'. அங்குப் பணியாற்றிய முதியவர்கள் 2007இல் கூடியபோது, ஒருவரையும் அடியாமல், சதுரங்கம் ஆடியும் உரையாடியும் செய்திகளைப் பெற்றதாகப் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தனர். அந்தப் பெருமிதம் தகுதியானதே. ஆனால் அந்த இடத்தின் வரலாற்றில் வெர்னர் டிரெக்ஸ்லர் என்ற இளைஞரும் இருக்கிறார்.

அவர் யூ-118 என்ற கப்பலின் மாலுமி. 1943 ஜூன் 12ஆம் நாள், 'போக்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் அக்கப்பலை மூழ்கடித்தன. பிழைத்த சிலருள் ஒருவரான டிரெக்ஸ்லர் அமெரிக்கருக்கு உதவ இசைந்தார். வேறு பெயரில், வேறு கைதிகளோடு ஒரே அறையில் தங்கி, அவர்களைப் பேசவைத்தார். பல மாதங்கள் இது நடந்தது. அவருடைய தேவை தீர்ந்ததும், கடற்படைக் கைதிகள் உள்ள முகாமுக்கு அவரை அனுப்பலாகாது என்று கடற்படை கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் முகாம்களை நடத்தியது தரைப்படை. 1944 மார்ச் 12ஆம் நாள், அரிசோனாவிலுள்ள பாப்பகோ பார்க் முகாமில், நீர்மூழ்கி மாலுமிகளின் நடுவிலேயே அவர் கொண்டுபோய் விடப்பட்டார். ஃபோர்ட் ஹன்ட்டில் அவரோடு அறையைப் பகிர்ந்தவர்கள் அங்கு இருந்தனர். அடையாளம் காண நெடுநேரம் ஆகவில்லை. மறுநாட்காலையில் குளியற்கூடத்தில் அவருடைய உடல் தொங்கிக்கொண்டிருந்தது.

கொலைக்காக ஏழு மாலுமிகள்மீது இராணுவ நீதிமன்றம் வழக்கை நடத்திற்று. துரோகியைத் தண்டித்தோம், படைவீரனின் கடமையைச் செய்தோம் என்பது அவர்கள் கட்சி. அவர்களிடம் ஒப்புதல் வாக்குமூலம் பெறக் கடுமையான முறைகள் கையாளப்பட்டன என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். சதுரங்கப் பலகையின் பொறுமை அங்கு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. ஜெர்மனியின் கையிலிருந்த அமெரிக்கக் கைதிகளைக் கருதித் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. பின் ஜெர்மனியும் வீழ்ந்தது, ஜப்பானும் சரணடைந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்து பத்து நாட்கள் சென்றபின், 1945 ஆகஸ்ட் 25ஆம் நாள், கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த் சிறையில், ஒருவர்பின் ஒருவராக எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய கல்லறைகள் அங்கேயே உள்ளன. டிரெக்ஸ்லருடையது டெக்சாஸில், ஃபோர்ட் பிளிஸ் கல்லறைத் தோட்டத்தில், அவர் பணிசெய்த நாட்டின் போர்வீரர்கள் நடுவில் இருக்கிறது.