ஹைஃபாவும் லித்தாவும்: இரு வரலாறுகளை ஒரே வகுப்பில் கற்பிப்பது எப்படி?

1948-இல் நடந்த போர் ஒன்றுதான். இஸ்ரேலியப் பள்ளியில் அதற்கு 'விடுதலைப் போர்' என்று பெயர். பாலஸ்தீனப் பள்ளியில் 'நக்பா', அதாவது பேரழிவு. இரு தரப்புப் பாடங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒன்று விரைவில் விளங்கும். ஒன்று சொல்வதை மற்றொன்று நேருக்கு நேர் மறுக்கும் இடங்கள் குறைவு. ஒன்று விரிவாகச் சொல்வதை மற்றொன்று சொல்லாமலே விட்டுவிடும் இடங்கள்தாம் அதிகம். கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுமுன் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

இஸ்ரேலியப் பாடம் ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1881-க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது ஏவப்பட்ட கலவரங்கள், 1897-இல் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் கூட்டிய முதல் சியோனிச மாநாடு, முன்னோர் மண்ணுக்குத் திரும்பிய குடியேறிகள் என்று அது நகரும். 1939-இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன், ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 பேர் என்று அங்கே யூதக் குடியேற்றத்துக்கு வரம்பு கட்டியது. அடுத்த ஆறு ஆண்டுகளில் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். சொந்த நாடு இல்லாத இனத்துக்குப் போக்கிடம் இல்லை என்பதே மாணவர் மனத்தில் பதியும் பாடம்.

பாலஸ்தீனப் பாடம் அந்த மண்ணிலேயே தொடங்குகிறது. ஒட்டோமான் ஆட்சியில் மலைச்சரிவுகளில் ஒலிவம் பயிரிட்டு, யாஃபா துறைமுகத்திலிருந்து ஆரஞ்சு ஏற்றுமதி செய்து, பத்திரிகை நடத்தி வாழ்ந்த அரபு மக்களின் நாட்டை, அதற்கு உரிமையில்லாத ஒரு வல்லரசு வேறொருவருக்கு வாக்களித்தது. 1936 முதல் 1939 வரை அவர்கள் நடத்திய கிளர்ச்சியைப் பிரிட்டிஷ் படை நசுக்கியது. ஐரோப்பா செய்த பாவத்துக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் அடிநாதமான கேள்வி.

இரண்டும் சந்திக்கும் முதல் ஆவணம் பால்ஃபர் பிரகடனம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் யூதத் தலைவர் ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய சிறு கடிதம் அது. பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை பிரிட்டன் ஆதரிக்கும் என்கிறது அதன் முற்பகுதி. இஸ்ரேலியப் பாடம் அழுத்திச் சொல்வது இதைத்தான். அங்கே வாழும் யூதரல்லாத சமூகங்களின் குடிமை உரிமைகளுக்கும் மத உரிமைகளுக்கும் பங்கம் வராது என்கிறது பிற்பகுதி. பாலஸ்தீனப் பாடம் இங்கே நின்று நிதானித்துப் படிக்கும். அரபு மக்களின் பெயரும் அதில் இல்லை, அவர்களின் அரசியல் உரிமையைப் பற்றிய பேச்சும் இல்லை. 1922-இல் பிரிட்டிஷார் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 7,57,000 பேர் இருந்தனர். அவர்களில் யூதர்கள் சுமார் 84,000. இந்த எண்களையும் கடிதத்தையும் சேர்த்து வைத்தால்தான் இரு தரப்பின் உணர்ச்சிக்கும் காரணம் புரியும்.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, பாலஸ்தீனத்தை யூத, அரபு நாடுகளாகப் பிரிக்கும் தீர்மானத்தை 33-க்கு 13 என்ற வாக்கில் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்துப் போருக்குப் போனது என்கிறது ஒரு பாடம். மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நிலத்தில் பாதிக்கு மேல் கொடுத்தால் யார் ஏற்பார்கள் என்கிறது மற்றது. இரண்டு கூற்றுகளிலும் உள்ள தகவல் சரியானதே.

இரண்டு நகரங்கள்

இனித்தான் சிக்கலான இடம். 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். அவர்கள் போனார்களா, விரட்டப்பட்டார்களா?

ஏப்ரல் 21, 22 தேதிகளில் யூதப் படையான ஹகானா ஹைஃபாவின் அரபுப் பகுதிகளைத் தாக்கியது. நகரின் யூத மேயர் ஷப்தாய் லெவி, நகராட்சிக் கட்டடத்தில் நடந்த சரணடைவுப் பேச்சில், ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று அரபுப் பெரியவர்களிடம் மன்றாடினார். அவர்களோ வெளியேறுவது என்று முடிவெடுத்தனர். இஸ்ரேலியப் பாடத்துக்கு ஹைஃபா பிடித்த நகரம் ஆனது இதனால்தான். அதே நாளில் ஹகானாவின் மோர்ட்டார் குண்டுகள் சந்தைப் பகுதியில் விழுந்ததும், துறைமுகத்தை நோக்கி மக்கள் நெரிபட்டு ஓடியதும் அந்தப் பாடத்தில் இடம்பெறுவது அரிது.

மூன்று மாதம் கழித்து, ஜூலையில், லித்தாவும் ராம்லாவும் இஸ்ரேலியப் படையிடம் வீழ்ந்தன. மக்களை வெளியேற்றும் எழுத்து ஆணையில் கையெழுத்திட்டவர் பிற்காலத்தில் பிரதமரான இட்சாக் ராபின். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நோக்கி வெளியேற்றப்பட்டனர், பலர் கடும் வெயிலில் நடந்தே போனார்கள். வழியிலேயே பலர் மாண்டனர். இதைப் பற்றி ராபின் தம் நினைவுக்குறிப்பில் எழுதிய பகுதியை இஸ்ரேலியத் தணிக்கை நீக்கியது. அது 1979-இல் அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. பாலஸ்தீனப் பாடம் லித்தாவைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. ஹைஃபா மேயரின் மன்றாட்டு அதில் இடம்பெறாததிலும் வியப்பில்லை.

ஹைஃபாவை மட்டும் படித்த மாணவரும் லித்தாவை மட்டும் படித்த மாணவரும் பொய் எதையும் படிக்கவில்லை. ஆனாலும் இருவரும் 1948-ஐத் தவறாகவே புரிந்துகொண்டிருப்பார்கள். இரண்டு நகரங்களையும் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுப்பதுதான் கற்பித்தலின் முதல் வேலை.

தம் கணக்கைத் தாமே திருத்தியவர்கள்

இரண்டையும் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. எல்லாக் கூற்றும் கண்ணோட்டம் ஆகிவிடாது. சிலவற்றைச் சரிபார்க்க முடியும்.

வெளியேறும்படி அரபுத் தலைவர்கள் வானொலியில் ஆணையிட்டார்கள் என்பது இஸ்ரேலில் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பாலஸ்தீன அறிஞர் வாலித் காலிதியும் ஐரிஷ் பத்திரிகையாளர் எர்ஸ்கின் சில்டர்ஸும் ஒலிபரப்புப் பதிவுகளைத் துருவிப் பார்த்தனர். அப்படி ஓர் ஆணை கிடைக்கவில்லை. 1988-இல் இஸ்ரேலிய வரலாற்றாளர் பென்னி மாரிஸ் தம் நாட்டு ஆவணக் காப்பகங்களைக் கொண்டே எழுதிய நூலும், பொதுவான ஆணை எதுவும் இல்லை என்றே கண்டது.

எதிர்ப்புறமும் இப்படி ஒன்று உண்டு. 1948 ஏப்ரல் 9 அன்று தேர் யாசீன் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்களான இர்குன், லெஹி படையினர் நடத்திய படுகொலையில் இறந்தோர் 254 பேர் என்ற எண் பல பத்தாண்டுகள் புழங்கியது. 1987-இல் பீர்ஸெய்த் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆய்வாளர்கள் உயிர் தப்பியவர்களிடம் விசாரித்து, எண்ணிக்கை நூற்றுச் சொச்சம் என்று திருத்தினர். படுகொலை படுகொலைதான், எண் மட்டும் மாறியது. படுகொலை நடந்து நான்கு நாள் கழித்து, யூதர்களின் ஹடாஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகனத் தொடரைத் தாக்கி 78 பேரைக் கொன்றவர்கள் அரபுப் போராளிகள் என்பதும் பாலஸ்தீனப் பிள்ளை அறிய வேண்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது, திருத்தம் உள்ளிருந்து வந்தது என்பது. எதிரி திருத்தினால் அது பிரசாரம் என்று தள்ளப்படும். சொந்த அறிஞர் திருத்தினால் காது கொடுக்க வேண்டிவரும்.

நடுவில் வெற்றுப் பத்தி

இந்தச் சிந்தனையை வகுப்பறைக்குக் கொண்டுபோக ஒரு முயற்சி நடந்தது. இஸ்ரேலிய உளவியல் பேராசிரியர் டான் பார்-ஆனும் பெத்லகேம் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் சாமி அத்வானும் ஓர் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கினர். இரண்டாம் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீன எழுச்சி, உச்சத்தில் இருந்த 2002-இல் இரு தரப்பு ஆசிரியர்களையும் கூட்டி, பால்ஃபர் பிரகடனம், 1948 போர், முதல் இன்திஃபாதா ஆகியவை பற்றிப் பாடம் எழுத வைத்தனர். பக்கத்தின் ஒரு புறம் இஸ்ரேலிய வரலாறு, மறு புறம் பாலஸ்தீன வரலாறு, நடுவில் மாணவர் எழுதுவதற்கு வெற்றுக் கோடுகள். பல ஆண்டு உழைப்பு 2012-இல் ஆங்கிலத்தில் முழு நூலாக வந்தது. பார்-ஆன் அதைப் பார்க்கவில்லை, 2008-இலேயே காலமானார்.

பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் பொதுவான வரலாற்றுப் பாடநூல் ஒன்றை வெளியிட்டன. ஒரே குரலில் எழுத அவற்றால் முடிந்தது, ஏனென்றால் சண்டை ஓய்ந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன, எல்லைகளும் முடிவாகியிருந்தன. இங்கே போர் ஓயவில்லை. அதனால் பொதுக்கதை எழுதும் ஆசையை அத்வானும் பார்-ஆனும் கைவிட்டு, இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தனர். அது சரியான முடிவு.

அரசுகளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. 2010-இல் ஸ்டெரோட் அருகே ஒரு பள்ளி இந்நூலைப் பயன்படுத்தியபோது இஸ்ரேலியக் கல்வி அமைச்சு தடுத்தது. பாலஸ்தீனக் கல்வி அமைச்சும் தன் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. அரபு மாணவருக்கான பாடநூலில் 'நக்பா' என்ற சொல்லுக்கு 2007-இல் அனுமதி அளித்த இஸ்ரேல், 2009-இல் அதை நீக்கியது.

இந்த முறையில் குறையும் உண்டு. இரண்டு பத்திகளும் ஒரே அகலம். களத்தில் அப்படி இல்லை. ஒரு தரப்புக்கு நாடும் படையும் உண்டு. மறுதரப்பு 1967 முதல் ஆக்கிரமிப்பில் வாழ்கிறது. அந்தப் பாடத்தை எழுதும் கூட்டத்துக்கு வரவே பாலஸ்தீன ஆசிரியருக்குச் சோதனைச் சாவடியும் அனுமதிச் சீட்டும் குறுக்கே நின்றன. பத்திக்கு ஒரு குரல் என்பதும் சிக்கல்தான். 1948-க்குப் பின் அரபு நாடுகளை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கான யூதர்களும், இஸ்ரேலின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்காக உள்ள பாலஸ்தீனர்களும் எந்தப் பத்தியில் அடங்குவார்கள்?

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும், பிறகு காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டதும் இரு கதைகளிலும் ஏறிவிட்டன. ஒரு தரப்பு யூதப் பேரழிப்பை நினைக்கிறது. மறுதரப்பு நக்பாவை நினைக்கிறது. இந்தச் சூழலில் இரு பத்திப் பாடம் பகற்கனவு என்பாரும் உண்டு. ஆனால் அது பிறந்ததே குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான்.

ஆசிரியர் செய்ய வேண்டியதை இரண்டாகப் பிரிக்கலாம். துயரத்தைக் கேட்க வைக்க வேண்டும். அதில் யார் பெரியவர் என்ற போட்டி வேண்டாம். தகவலைச் சோதிக்க வைக்க வேண்டும். அதில் யாருக்கும் சலுகை வேண்டாம். சோதனையைத் தன் தரப்புப் பத்தியிலிருந்தே தொடங்க வேண்டும். இஸ்ரேலிய ஆசிரியர் லித்தாவையும் பாலஸ்தீன ஆசிரியர் ஹடாஸா வாகனத் தொடரையும் முதலில் எடுத்துப் பேசும் வகுப்பில்தான் நடுப் பத்தியில் எழுத மாணவருக்கு ஏதாவது இருக்கும்.