கடலும் ஒரு சாலையே: காரைக்காலிலிருந்து நெடுந்தீவு வரை

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் அயோனா என்னும் தீவின் பெயரை அறிவர். ஸ்காத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அச்சிறு தீவுக்கு, கி.பி. 563-ஆம் ஆண்டில் கொலும்பா என்னும் துறவி அயர்லாந்திலிருந்து தம் தோழருடன் கடல்வழியாக வந்து சேர்ந்தார். அவர் நிறுவிய மடம் வட பிரித்தானியாவின் பல பகுதிகளுக்கு நற்செய்தி செல்லக் காரணமாயிற்று. இன்று அங்குச் செல்ல விரும்புவோர் ஓபன் துறைமுகத்தில் கப்பலேறி, மல் தீவில் இறங்கி, அத்தீவைச் சாலைவழியே கடந்து, மீண்டும் ஒரு சிறு படகில் ஏறவேண்டும். எனவே அயோனாவைத் தொலைதூரத் தீவு என்கிறோம். ஆயினும் கொலும்பாவின் காலத்தில் காடும் மலையுமே தடைகள். கடலோ வழியாக இருந்தது. அக்காலத்தவருக்கு அயோனா ஒதுக்குப்புறமான இடமன்று.

இவ்வுண்மையை அறிய நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காவிரியின் கடைமடையில் ஊழியஞ்செய்வோராகிய நமக்கும் அத்தகைய தீவு ஒன்று உண்டு. காரைக்காலுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, கடல்மேல் சுமார் 155 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. அதற்குச் செல்லும் வழியின் வரலாறு, நம் திருச்சபையின் வரலாற்றோடு பிணைந்த ஒன்றாகும்.

இன்றைய வழி

காரைக்காலிலிருந்து நாகூர் வழியாக நாகப்பட்டினம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் காரைக்கால் துறைமுகமே பேசப்பட்டது. பின்னர் நாகப்பட்டினம் முடிவாயிற்று. சுமார் 110 கிலோமீட்டர் கடலைக் கடக்க நான்கு மணி நேரம் போதும். ஆயினும் தொடங்கிய சில நாட்களிலேயே கப்பல் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. மழைக்காலத்தில் மறுபடியும் நின்றது. வான்வழியாகச் செல்வோர்க்கு, 2019-இல் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பெற்ற பலாலி விமான நிலையம் உண்டு.

யாழ்ப்பாணத்தை அடைந்தபின் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சாலை செல்கிறது. அங்கே சாலை முடிகிறது. இனி ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். பவளக்கல் அடுக்கிய வேலிகளும், பெருக்குமரமும், தானே திரியும் மட்டக்குதிரைகளும் உள்ள தீவு அது. நோயுற்றவரும், மேற்கல்வி நாடுவோரும், கடிதமும் அரிசியும் எல்லாம் படகையே நம்பியிருக்க வேண்டும்.

நற்செய்தி சென்ற வழி

நம் கரையோரத்தில் ஒரு நாள் நடையில் அடங்கும் தூரத்துக்குள் மூன்று ஐரோப்பிய நாட்டாரின் கொடிகள் பறந்தன. தரங்கம்பாடியில் 1620 முதல் தேனியரும், நாகப்பட்டினத்தில் 1658 முதல் ஒல்லாந்தரும், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். அதே 1658-இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஆகவே நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் ஒரே ஆட்சியின் இரு துறைகளாயின. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பல்தேயஸ் என்னும் ஒல்லாந்த குரு, 1672-இல் வெளியிட்ட தம் நூலில் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் ஒருங்கே எழுதினார். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்னும் தங்கள் நகரின் பெயரை இட்டவர்களும் ஒல்லாந்தரே.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அந்த விதையின் கனி கடல்கடந்து சென்றதை அத்துணை நினைப்பதில்லை. சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராகிய கிறிஸ்தியான் தாவீது, 1801-ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சபைகளின் போதகராக அனுப்பப்பெற்றார். பின்னர் 1824-இல் பேராயர் ஹீபர் கல்கத்தாவில் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். தஞ்சைத் தரணியில் கற்ற ஒரு தமிழர் யாழ்ப்பாணத்து மேய்ப்பரானது அக்காலத்தவருக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

வழி ஒருபக்கமாக மட்டும் செல்லவில்லை. 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார் 1823-இல் வட்டுக்கோட்டைக் குருமடத்தை நிறுவினர். அம்மிஷனின் கிளையாகவே 1834-இல் மதுரை மிஷன் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் உழைத்துப் பின் சென்னைக்கு வந்த வின்சுலோ, அங்கே தொடங்கப்பெற்ற அகராதிப் பணியை இங்கே முடித்து 1862-இல் வெளியிட்டார். நம் மேசையின்மேல் உள்ள அகராதியும் கடல்கடந்து வந்ததே.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயர். நாடுகள் இரண்டாகப் பிரிந்து நின்ற வேளையில், திருச்சபை தன் எல்லையைக் கடலின் அக்கரையிலும் இட்டது. அந்த முடிவின் பொருளை நாம் முற்றும் உணர்ந்தோமா என்பதே கேள்வி.

வழி அடைபட்ட வரலாறு

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின், சென்னையில் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் மீண்டும் புகைவண்டி ஏறலாயினர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆயினும் புயலுக்குப்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் தொடர்ந்து ஓடியது. அதனை நிறுத்தியது 1980-களின் இனவன்முறையும் போருமே. காற்று இடித்ததை மனிதர் மீண்டும் கட்டினர். மனிதர் இடித்ததோ பல்லாண்டுகள் இடிந்தே கிடந்தது.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். கடற்படையினர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அத்தீவாருக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரே வழியிலேயே மரணம் வந்தது.

இதற்கிடையில் 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் கடலின் நடுவே எல்லைக்கோடு வரையப்பட்டது. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவை அடுத்த கடலில் இலங்கைக் கடற்படையினர் காரைக்காலிலிருந்து சென்ற மீனவர் பதின்மூவரைச் சிறைப்பிடித்தபோது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து ஐவர் காயமுற்றனர். காரைக்காலிலிருந்து நெடுந்தீவுக்கு இன்று எஞ்சியுள்ள நேர்வழி இத்தன்மையது.

இதில் நாம் ஒரு பக்கத்தின் கண்ணீரை மட்டும் எண்ணலாகாது. போர் 2009-இல் முடிந்தபின் வெறுங்கையோடு மீண்டும் கடலுக்குச் சென்ற வடபகுதி மீனவரின் வலைகளை நம் இழுவைப்படகுகள் அறுக்கின்றன. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. இக்கரையிலோ, கடன்பட்டுப் படகு வாங்கியவனும் கூலிக்குச் செல்பவனும் சிறைப்படுகின்றனர். இரு திறத்தாரும் தமிழர். இரு திறத்தாரும் ஏழைகள். இரு கரையிலும் நம் சபைகள் உள்ளன.

நம் கடமை

ஸ்காத்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில் 2008 முதல் படிப்படியாக ஒரு கட்டணமுறை கொண்டுவரப்பட்டது. அதே தூரத்தைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ, அதனை ஒட்டியே கப்பல் கட்டணமும் கணக்கிடப்படுகிறது. தீவில் பிறந்ததற்காக ஒருவர் தண்டம் செலுத்தலாகாது என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது. கடலும் சாலையே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதாக இதனைக் கருதலாம்.

அரசுகள் செய்யவேண்டியவற்றை அரசுகளிடம் கேட்போம். கப்பல் தடையின்றி ஓடவேண்டுமென்றும், மீனவர் சிக்கலை இருகரை மீனவரும் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டுமென்றும் வற்புறுத்துவோம். ஆனால் திருச்சபைக்கு மட்டுமே உரிய பணியும் உண்டு. இருகரை மீனவரிடமும் நம்பிக்கையோடு பேசக்கூடிய போதகர்கள் நம்மிடம் உள்ளனர். நம் குருமாணாக்கர் அக்கரைச் சபைகளில் சில மாதங்களேனும் பயிலலாம். சிறைப்பட்டவரைச் சந்திக்கும் பொறுப்பை இருகரைச் சபைகளும் ஏற்கலாம்.

பவுல் அடியார் கப்பற்சேதத்தால் மெலித்தா தீவில் ஒதுங்கியதை அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அவர் ஒரு கைதி, உடன்வந்தோர் அந்நியர். எனினும் தீவார் அவர்கள் யாரென்று வினவுமுன் மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி ஏற்றுக்கொண்டனர். 2025 ஜனவரி நிகழ்ச்சியில் படுகாயமுற்ற மீனவர் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். அம்மருத்துவரும் தாதியரும் மூட்டிய நெருப்பு நம் கண்ணுக்குத் தெரியட்டும். அவ்வழியே நாமும் கடலைக் கடப்போமாக.