சுவாஹிலி: கற்க வந்தவர்களின் காரணங்கள்

சுவாஹிலி, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பிறந்த, பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. 'கடற்கரைகள்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அதற்குப் பெயரானது. இன்று இதைப் பேசுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இது தாய்மொழி அன்று. சந்தையிலோ பள்ளியிலோ படைமுகாமிலோ பழகிக்கொண்ட மொழி. எதற்காகப் பழகினார்கள் என்பதோ காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முதலில் பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபார் வணிகர்கள் தந்தத்தையும் அடிமைகளையும் தேடி உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சுமை தூக்கிய நியாம்வேசி இனத்தவர் போன்றோரின் வாயிலாக மொழி தங்கனீக்கா ஏரி வரை சென்றது.

அடுத்து வந்தவர்கள் கையில் விவிலியம் இருந்தது. ஜெர்மானியப் பாதிரியார் யோஹான் லுட்விக் கிராப்ஃப் 1844-இல் மொம்பாசாவில் குடியேறினார். சில மாதங்களிலேயே மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் பறிகொடுத்தார்; ஆனாலும் மொழியை விடவில்லை. அவர் தொகுத்த அகராதி, அவர் இறந்த மறு ஆண்டு, 1882-இல் அச்சேறியது.

பிறகு ஆட்சியாளர்களின் முறை. 1887-இல் பெர்லினில் தொடங்கிய கீழை மொழிக் கழகம், ஜெர்மனியின் கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாட்டுக்குப் போகவிருந்த அதிகாரிகளுக்குச் சுவாஹிலி கற்பித்தது. பிரிட்டிஷார் காலத்தில், 1930-இல் அமைந்த மொழிக் குழு சான்சிபார் வழக்கைத் தர வழக்காக நிலைநிறுத்தியது.

ஆண்டவர்களுக்கு உதவிய அதே மொழி விடுதலை மேடையிலும் ஒலித்தது. விடுதலைத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் தாய்மொழி சனாக்கி. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் தங்கனீக்காவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) ஊர் ஊராகப் போய்ப் பேச அவருக்குச் சுவாஹிலி கைகொடுத்தது. எந்தப் பெரிய இனக்குழுவும் அதைத் தன்னுடையதென்று உரிமை கொண்டாட முடியாததும் வசதியாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை அவர் 1963-இல் சுவாஹிலியில் வெளியிட்டார்; 1967-இல் சுவாஹிலி தான்சானியத் தொடக்கப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆனது.

கடல் கடந்த அமெரிக்காவில் காரணம் வேறு. கறுப்பின எழுச்சிக் காலத்தில், 1966-இல் செயல்பாட்டாளர் மௌலானா கரேங்கா கறுப்பினத்தவருக்கெனத் தொடங்கிய குவான்சா விழாவின் பெயரும் அதன் ஏழு கொள்கைகளின் பெயர்களும் சுவாஹிலி. அங்குள்ள கறுப்பினத்தவரின் மூதாதையர் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். ஆனாலும் ஒரே நாட்டுக்கோ ஓர் இனக்குழுவுக்கோ உரியதாக இல்லாத மொழி என்பதால் சுவாஹிலி பொது அடையாளமாயிற்று.

உகாண்டாவில் கதை நேர்மாறு. சர்வாதிகாரி இடி அமீன் காலத்துச் சிப்பாய்களின் வாயில் கேட்ட மொழி என்று பலர் அதை ஒதுக்கினர். 2005-இல் அரசியல் சட்டம் இரண்டாம் ஆட்சிமொழி என்று ஏற்ற பிறகும் பெரிய அசைவில்லை. அண்டை நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் பொதுச் சந்தை விரிந்த பின், 2022-இல்தான் பள்ளிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.